கோலமாவில் போட்ட பார்க்

புத்தூரில் ஏறிய திருப்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள், "எங்க தெரு பசங்க சறுக்குமரமே வேணாம்னுட்டாங்கக்கா," என்றாள். நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

"வேணாமா? இன்னாத்துக்குடி?"

"பார்க்கை மாத்தப் போறோம், எல்லாரும் கருத்து சொல்லுங்கன்னு நேத்து எஞ்சினியர் சார் வந்தாரு. பேப்பர்ல காட்டினாரு, யாருக்கும் புரியல. அப்புறம் ஊஞ்சல் இங்க, சறுக்குமரம் அங்கன்னு தரையிலயே கோலமாவுல கட்டம் கட்டமா போட்டாரு. டீ குடிச்சிட்டு வந்து பாக்கறாரு, பசங்க அதுல பாண்டி ஆடிக்கினு கீறாங்க! இதுவே போதும், இதுமேல எதையும் வெக்காதீங்கன்னு ஒரே அழுகை."

"வேணாம்னு அவரு மேல எழுதிட்டா சாமானெல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடுமே!"

"அதத்தான் அவரும் சொன்னாரு. நீங்களே ஆடிப் பாருங்க சார்னு ஒரு பொண்ணு அவரு கையில சில்லைக் குடுத்துச்சு."

வடமாலபேட்டை வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"கடைசியில இன்னாதான் எழுதினாரு?"

"எங்க எழுதினாரு? கோட்டை மிதிச்சு அவுட்டாயிட்டாரு. ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, இன்னொரு வாட்டின்னாரு."