ஒரு குடை, ரெண்டு பயலுக, ஒரு நாய்

— எட்டு வாரம், கிசொக்! எட்டு வாரம் உக்காந்து பாத்தேன். கடைசில ரெண்டு பயலும் என்ன பண்ணானுங்க? கை குலுக்கிக்கிட்டானுங்க! என்ன, நெலம் வாங்கி விக்கிறானுங்களா?

— நீங்க எதுக்கும்மா அந்த நாடகத்தையெல்லாம் பாக்குறீங்க? ரெண்டு ஆம்பளப் பசங்க காதலிக்கிற கதை அது.

— எங்க காதலிச்சானுங்க? அதத்தான் நானும் தேடுறேன். மீனத் திருப்பு, கருகுது.

— திருப்பிட்டேன்.

— மழையில ஒரே குடைக்குள்ள நடக்குறானுங்க. எங்க மார்க்கெட்டே கடையச் சாத்திட்டு டிவி பாக்குது. மட்டி விக்கிற சூன்ஜா என் கையப் புடிச்சுக்கிட்டா. நெருங்கி வர்றானுங்க, வர்றானுங்க... ஒரு நாய் கொரைக்குது. ரெண்டு பேரும் நாயக் கொஞ்சப் போயிட்டானுங்க!

— சொல்லாம விடறதுலயும் ஒரு அழகு இருக்கும்மா.

— அழகா? ஆறாவது வாரம் ஒருத்தன் காய்ச்சல்ல கெடக்கான். மத்தவன் கஞ்சி வைக்கிறான். ஊட்டி விடுவான்னு பாத்தா, கதவுக்கு வெளிய கிண்ணத்த வச்சிட்டு ஓடுறான்!

— அவனுக்குப் பயம்மா. கதவத் தொறந்தா என்ன ஆகுமோன்னு. எழுதினவரு அதத்தான்...

— எழுதினவனுக்கு நீ என்னடா வக்கீலா?

— சும்மா சொன்னேன். யோங்தே அண்ணன் எப்ப வருவாரு? மொதக் கோப்பச் சாராயம் அவருதானே ஊத்தணும். படையல் ஆறிடும்.

— ஆறட்டும். அந்தப் பையில என்ன?

— பீச் பழம். இன்சுவுக்குப் புடிக்குமேன்னு, சியோல்ல இருந்து...

— அட மக்கு! படையலுக்கு எவனாவது பீச் வாங்குவானா? அந்த வாசன பட்டாலே செத்தவங்க கிட்ட வரமாட்டாங்க. வருஷத்துக்கு ஒரு நாள்தான் எம்புள்ள வீட்டுக்கு வர்றான், அவனத் தொரத்தவா பாக்குற?

— ஐயோ, மறந்தே போச்சும்மா! வெளிய வச்சிட்டு வர்றேன்.

— மாடிப்படிக்கு அந்தப் பக்கம் வை. இன்னும் தூரமா! ம், வா. பேச்ச மாத்தாத. நாடகத்துல அந்த மொட்டமாடி ரூம்ல பெரியவன் சோத்துல இருக்குற பயறப் பொறுக்கிச் சின்னவன் கிண்ணத்துல போடுறானே.

— ம்.

— கறுப்புப் பயற மட்டும். போட்டு முடிச்சதும் சாப்புடுற குச்சியால கிண்ணத்துல ரெண்டு தட்டு.

— நெறைய பேரு அப்படிப் பண்ணுவாங்கம்மா.

— இருபது வருஷம் அந்தப் பயறு என் கிண்ணத்துல விழுந்துச்சு, கிசொக். எம்புள்ள சியோலுக்குப் போனப்புறம் யாரு கிண்ணத்துல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எழுத்துன்னு ஏதோ பொம்பளப் பேரு போட்டிருந்துச்சு. நீதானே அது?

— நான்தாம்மா.

— ஏண்டா இப்படிக் கெடுத்து வச்ச?

— கம்பெனில முத்தம் வேணும்னுதான் கேட்டாங்க. எழுதியும் குடுத்தேன். அப்புறம் நானே அத அடிச்சு எடுத்துட்டேன்.

— ஏன்?

— நீங்க பாத்துக் கண்டுபுடிச்சிட்டா, அப்புறம் என்ன இந்த வீட்டுக்குள்ள விட மாட்டீங்க. எனக்கு வருஷத்துல இந்த ஒரு நாள்தாம்மா இருக்கு. ரூம்மேட்டுன்னு சொல்லிக்கிட்டாவது கடைசி ஆளா நின்னு கும்புட்டுட்டுப் போறேனே.

— சாவுல மூணு நாளும் வந்தவங்க செருப்ப அடுக்கிக்கிட்டு வாசல்ல நின்ன. சொந்தக்காரங்க கையில கட்டுற துக்கப் பட்டைகூட உனக்கு யாரும் குடுக்கல. எந்த ரூம்மேட்டுடா மூணு நாள் சோறு திங்காம செருப்பு அடுக்குவான்?

— அப்பவே தெரியுமா?

— அப்பவே. நீயா சொல்லுவன்னு நாலு வருஷமாப் பாக்குறேன். உன் நாடகம் மாதிரியே இழுத்துக்கிட்டுக் கெடக்க. மூக்க அந்தப் பக்கம் சிந்து, மாவுல விழுது.

— சரிம்மா.

— நெசத்தச் சொல்லு. குடைக்குள்ள என்ன நடந்துச்சு?

— நாய் நெசமாவே வந்துச்சும்மா.

— அப்புறம்?

— நாய் போயிடுச்சு.

— ஹா! அதையில்ல எழுதியிருக்கணும், மடையா! சூன்ஜா பாவம், இன்னமும் பொலம்பிக்கிட்டுத் திரியுறா.

— மணி ஆறாச்சு. யோங்தே அண்ணனுக்கு ஃபோன் பண்ணட்டுமா? பெத்தவங்க புள்ளைக்குக் கும்புடக் கூடாது. நீங்க ஊத்த முடியாதே.

— அவன் வரமாட்டான். காலையிலயே வேணாம்னு சொல்லிட்டேன்.

— அப்ப மொதக் கோப்பைய யாரும்மா ஊத்துறது?

— கூட வாழ்ந்தவன் நீ இருக்கும்போது பெரியப்பா மவன் எதுக்கு? போ, சோப்பு போட்டு கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வா. பீச் வாசனைக்குப் பயந்து உன் கிட்ட வராமப் போயிடப் போறான்.