முதல் அடுக்கு மட்டும்

மரம் என்றால் வேர் கீழே இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. எங்கள் தொழிலில் வேர் மேலே. கிளைகள் கீழ்நோக்கி வளரும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், எங்கள் மென்பொருள் யார் யார் எழுதிய துண்டுகளின் மேல் நிற்கிறது என்று காட்டும். சும்மா தட்டினால் முதல் அடுக்கு மட்டும். முழு மரம் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர யாரும் கேட்பதில்லை.

நாங்கள் செய்தது, மருத்துவமனைக் கட்டிலருகே நின்று நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கான மென்பொருள். அதை வெளியே அனுப்புமுன் குழுத் தலைவர், நாங்கள் அண்ணே என்போம், முதல் அடுக்கை அச்செடுத்துக் கையெழுத்துப் போடுவார். அதில் பதினொரு பெயர். முழு மரத்தில் எண்ணூற்று நாற்பது. ஏழாம் அடுக்கில் ஒன்று என்னுடையது: கல்லூரியில் தூக்கம் வந்த ஒரு வகுப்பில் எழுதி, இணையத்தில் பொதுவில் போட்ட பன்னிரண்டு வரி. எண்களின் தசமப் புள்ளியைச் சீராக்கித் தரும். அதை யாரோ எடுத்தார்கள், அவர்களுடையதை வேறு யாரோ எடுத்தார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா உறவு மாதிரி சுற்றிவளைத்து எங்கள் இயந்திரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

முழு மரத்தையும் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை மொத்தக் குழுவின் முன்னால்.

"மரத்தைப் பாருடான்னா வேரை நோண்டுறான் பாரு," என்றார் அண்ணே. "ஏழாவது அடுக்குல என்ன தம்பி, புதையலா இருக்கு?"

"பாம்புகூட இருக்கலாம் அண்ணே."

"அப்ப நீயே போய் மகுடி ஊது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை என் பன்னிரண்டு வரியில் ஒன்றை மாற்றினேன். அரையில் முடியும் எண் வந்தால் புள்ளியை விழுங்கிவிடும்; இரண்டரை இருபத்தைந்தாகும். சிறு திருத்தம் என்று குறித்து வெளியிட்டால் எங்கள் மென்பொருள் அடுத்த முறை தானாகவே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது. சோதனைகளில் பிடிபடவில்லை. அவற்றில் முழு எண்கள் மட்டுமே இருந்தன. அவற்றை எழுதியவன் நான். அண்ணே பதினொரு பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

முதலில் போனவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நர்ஸ் சரியான அளவைத்தான் அழுத்தியிருந்தார். கைத்தவறு என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது; நல்ல நர்ஸ் என்று கேள்வி. அண்ணே மறுபடி முதல் அடுக்கைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

ஆறாம் நாள், பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்.

அன்றுதான் அண்ணே முழு மரத்தைக் கேட்டார். திரை ஓடிக்கொண்டே இருந்தது. அண்மையில் மாறியது எது என்று ஒவ்வொன்றாகத் தேடி, என் பெயரில் வந்து நின்றார்.

"ஏன்டா," என்றார். "முதல் ஆள் செத்தப்பவே சொல்லியிருக்கலாமேடா."

நியாயமான கேள்விதான், ஐயா. பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். சரியான வரி என்னிடம் முதல் நாளிலிருந்தே தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பெண் பிழைத்திருப்பார். ஆனால் அண்ணே எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.