பனி ஏரியில் ஜூனிபர் கிளைகள்

குடித்துப் பாருங்கள், அய்யா. ஆறிப்போகிற சமாச்சாரம் இல்லை, மெதுவாகவே குடிக்கலாம். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் பீர் இப்படிக் கறுப்பாகத்தான் இருக்கும். ஊசியிலை ஜூனிபர் புதரின் கிளை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்த சாற்றைப் பகல் முழுக்கக் கொதிக்கவிட வேண்டும். அவசரக்காரன் கைக்கு இந்த நிறம் வராது. நீங்கள் டவுன்காரர், ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹல்வோரைப் பற்றிக் கேட்டீர்கள். பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்டிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் வீட்டு ஈஸ்ட், என் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பீர் வடித்தபின் அடியில் தங்குவதை, கண்ணி கண்ணியாகச் செதுக்கிய மரவளையத்தில் பூசிக் காயவைப்போம். அடுத்த வருடம் வளையத்தை வெதுவெதுப்பான சாற்றில் முக்கினால் உயிர் வந்துவிடும். ஆரஞ்சுத் தோல் வாசம் அடிக்கும். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஹல்வோர் வீட்டுக்கு அந்த ஈஸ்டைக் கொடுத்ததே என் அம்மாதான். ஒரு வீட்டில் ஈஸ்ட் செத்துப்போனால் இன்னொரு வீடு கொடுக்க வேண்டும், இல்லை என்று சொல்லக் கூடாது. வாங்குகிறவன் கொடுப்பவர் முன்னால் அதை முகர்ந்து பார்க்கவும் கூடாது. சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்.

போன வருடம் பரண் ஒழுகி என் வளையம் பூஞ்சை பிடித்துவிட்டது. ஹல்வோரிடம் போனேன். வேறு யாரிடம் போவேன்? என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன். என் மனைவிக்குச் சவப்பெட்டி செய்தவனும் அவன்தான். துணியில் சுற்றிய ஒரு வளையத்தை என் கையில் வைத்தான். நான் முகரவில்லை.

ஈஸ்டைப் போடும்போது தொண்டை கிழியக் கத்துவது எங்கள் வழக்கம். அப்போதுதான் அது விழித்துக்கொள்ளும், பீருக்கு வேகம் வரும் என்பார்கள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினேன். அக்கரையிலிருந்து ஹல்வோர் பதிலுக்குக் கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பீர் சப்பென்று புளித்துப்போயிருந்தது. முதல் ருசி பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஹல்வோர் மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தான்.

"பரவாயில்லடா அஸ்லாக், இதப் பெரிய வெள்ளிக்கு எடுத்து வை. குடிச்சா துக்கம் தானா வரும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வசந்தத்தில் கடைக்காரர் பேச்சுவாக்கில் கேட்டார், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஹல்வோர் ஏன் அவ்வளவு ரொட்டி ஈஸ்ட் வாங்கினான், வீட்டில் ஏதும் விசேஷமா என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வைக்கோல் அடுக்கும் காலத்தில், வளையத்தில் ரொட்டி ஈஸ்டைப் பூசித்தான் கொடுத்தாயா என்று அவனிடமே கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஒரு ஊருக்கு ஒரு நல்ல பீரு போதும்டா. இத்தன வருஷம் உங்க வீட்ட புகழ்ந்தாங்க, கொஞ்ச நாள் எங்க வீட்டயும் புகழட்டுமே. வெளயாட்டா எடுத்துக்கோ."

விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னேன். வெளி ஆள் ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டு மறந்திருப்பேன். இவன் என் கையில் பொய்யை வைத்துவிட்டு, நான் கத்தியபோது பதிலுக்கும் கத்தியவன். அன்று முதல் எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. ஆனாலும் அவன் வைக்கோலை முழுவதும் அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை.

ஏரி உறைந்ததும் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, கெட்டியான இடமாகத் தேர்ந்து, வழிநெடுக ஜூனிபர் கிளைகளை நட்டுவைப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. மேலே பனி விழுந்துவிட்டால் கீழே இருப்பது தெரியாது. கிளைகளைப் பார்த்துத்தான் எல்லோரும் நடப்பார்கள். ஆறு வந்து கலக்கும் மூலையில் மட்டும் கெட்டிப்படாது.

இந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அக்கரைக்குத் திரும்பிய பிறகு, கிளைகளைப் பிடுங்கி அந்த மூலைப் பக்கமாக வளைத்து நட்டேன். மறுநாள் பள்ளி இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன், இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை காலையில் ஏரியைத் தாண்டிக் கடைக்கு வருகிறவன் ஹல்வோர் ஒருவன்தான்.

இரவு பனி பெய்து பழைய குழிகளை மூடிவிட்டது. அவன் கொடுத்ததை நான் முகர்ந்து பார்க்கவில்லை. நான் நட்டதை அவன் தட்டிப் பார்க்கவில்லை. அந்த அளவில் இரண்டு பேரும் சமம்தான்.

அவன் கத்தியது எனக்குக் கேட்டது. மாடுகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நான் பதில் குரல் கொடுக்கவில்லை.

சத்தம் நின்றபின் போய்க் கிளைகளைப் பிடுங்கிவந்தேன், சரியான வழியில் புதிய கிளைகளை நட்டேன். மதியத்துக்கு மேல் அவன் மனைவி ரங்னா தேடிக்கொண்டு வந்தாள். ஆட்களைக் கூட்டிப்போய்க் கொக்கி போட்டு அவன் உடலை இழுத்தவன் நான்தான். மற்றவர்கள் சறுக்குவண்டி கொண்டுவரப் போயிருந்தபோது அவன் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கோட்டுக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. எண்ணெய்த் துணியில் இறுக்கிக் கட்டிய மரவளையம். பிரித்து முகர்ந்தேன். ஆரஞ்சுத் தோல் வாசம். அசல் அவனிடம்தான் இருந்திருக்கிறது, நான் நினைத்தது சரி. வளையத்தை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்கு வருகிறவன் அதை ஏன் மார்போடு வைத்துக்கொண்டு வந்தான் என்று அப்போது யோசிக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணைதான் பீர் காய்ச்சித் தர வேண்டும். காய்ச்சினேன். பிடுங்கிவந்த கிளைகளையும் வீணாக்கவில்லை, கொப்பரையில் போட்டேன். நீங்கள் குடிப்பது அதுதான். அந்த வளையத்து ஈஸ்டைப் போடும்போது வழக்கப்படி கத்தினேன். அக்கரை அமைதியாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நுரை தொட்டியின் விளிம்புக்கு வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் குடித்தார்கள். என் அம்மா காலத்து ருசி என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் கூடச் சொல்லவில்லை. ரங்னா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"இது ஹல்வோரோட ஈஸ்டு. உங்ககிட்ட கொடுக்கணும்னுதான் அன்னிக்குக் கோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டுக் கிளம்பினாரு. 'ஒரு வருஷமா அவன் மூஞ்சியப் பார்க்க முடியல'ன்னு சொன்னாரு. இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது, அஸ்லாக்?"

முன்னமே ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டான் என்று சமாளித்திருக்கலாம். அவள் ஒருத்தி சொல்வதை வைத்து யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால் அது அவன் கொடுத்த ஈஸ்ட் என்று ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் போலீஸ்காரரான உங்களுக்கு நானே ஆள் அனுப்பினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், அய்யா. கிளைகளை மாற்றி நட்டது நான்தான், அவன் கத்தியதைக் கேட்டும் போகாமல் இருந்ததும் நான்தான். ஆனால் ஈஸ்ட் என் அம்மாவுடையது என்பதை முதல் வரியில் போடுங்கள். அவன் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தான் என்று ரங்னா சொல்வதை மட்டும் சேர்க்க வேண்டாம். அதற்குச் சாட்சி யாரும் இல்லை.