இரண்டாவது விளக்கு

கடலுக்கடியில் கொண்டுபோக விளக்கு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எது அதிகமாக வெளிச்சம் தரும் என்றுதான். அது தப்பான கேள்வி. வெளிச்சம் எந்த விளக்கும் தரும். பவளப்பாறையைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு அகலமான ஒளி போதும். இருட்டான அறைக்குள் போகிறவருக்கு ஒடுங்கிய, கூரான ஒளி வேண்டும். கையுறை போட்ட விரலுக்கு அகப்படுகிற சுவிட்ச் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், மூடி திருகுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் இதுதான். பதினாறு வருடமாக அந்தக் கடையின் பின்னறையில் விளக்குகளைப் பிரித்து, துடைத்து, மாட்டி, அழுத்தத் தொட்டியில் இறக்கிச் சோதித்துக் கொடுக்கிறேன். அந்தத் தொட்டி பார்க்க ஒரு பெரிய குக்கர் போல இருக்கும். அதற்குள் முப்பது மீட்டர் ஆழத்தின் பாரத்தை உண்டாக்கலாம், மூடியிலுள்ள கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கலாம். நான் சோதித்துக் கொடுத்த எந்த விளக்கும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் பெரியவள், அவள் சின்னவள். அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு ஆறு. அப்பா அதற்கு முன்பே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போயிருந்தார். எனக்கும் வரன்கள் வந்தன. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொன்னதும் போய்விட்டன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் தலையை வாரிப் பின்னிவிட்டுத்தான் நான் இருபத்தைந்து வருடமும் வேலைக்குக் கிளம்பினேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு.

கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு முதுகு வலி வந்தது. நீச்சல் நல்லது என்றார் டாக்டர். முதுகு வலி போயிற்று, மாப்பிள்ளை வந்தார்.

அவர் குளத்தில் நீச்சல் வாத்தியார். மொட்டைத் தலை, அகலத் தோள். எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பார். நல்ல மனிதர், அதை நான் மறைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டு மாடியறைக்கே குடி வந்தார். நான் குடித்து வைத்த டம்ளரைக்கூடக் கழுவி வைப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம்.

இருவரும் சேர்ந்து டைவிங்கும் பழகினார்கள். விடுமுறைக்குப் பத்து நாள் வெப்பக்கடல் தீவு ஒன்றுக்குப் போவதாக முடிவு செய்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் விளக்கு வாங்கக் கடைக்கு வந்தார்கள்.

"அக்கா, இதுல எது நல்லா வெளிச்சம் தரும்?" என்று அவரும் அதையேதான் கேட்டார்.

"எங்க போறீங்கன்னு சொல்லுங்க தம்பி. அப்புறம் விளக்கைப் பாக்கலாம்."

அவர் மேசைமேல் கிடந்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கப்பலை வரைந்தார். மூழ்கிப்போன சரக்குக் கப்பல். தளம் இருபத்தெட்டு மீட்டரில் இருக்கிறது. தளத்திலிருந்து ஒரு கதவு, நீளமான நடை, அங்கே ஒரு திருப்பம், அதைத் தாண்டினால் இயந்திர அறை. பட்டப்பகலிலும் அங்கே கும்மிருட்டு. "இறங்கி, சுத்திப் பாத்துட்டு, இந்த ரூமுக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும்க்கா. இவ இந்தத் திருப்பத்துலயே நிப்பா. நான் மட்டும் உள்ள போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவேன்."

"அப்படின்னா ஆளுக்கு ரெண்டு விளக்கு. ஒண்ணு கையில, ஒண்ணு இடுப்புல. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கணும்," என்றேன். யாருக்கும் அதைத்தான் சொல்வேன்.

அப்போதுதான் பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். "இது வெறும் லீவு மட்டும் இல்லக்கா. அங்க டைவிங் ஸ்கூல்ல எங்க ரெண்டு பேருக்கும் வேலை தர்றதா சொல்லியிருக்காங்க. பிடிச்சிருந்தா அங்கயே இருந்துரலாம்னு..."

சின்னவள் அவர் முழங்கையைக் கிள்ளினாள். "நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. இன்னும் எதுவும் முடிவாகல."

"எனக்கென்ன," என்றேன். "நல்லா இருந்தா சரி."

"நீயும் வந்துரேன்," என்றாள். நான் என்ன பதில் சொல்வேன் என்று பயந்துகொண்டே கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்தது.

நான் அவருக்கு விளக்கு எடுத்துக் கொடுத்தேன். ஒடுங்கிய ஒளி, கனம் குறைவு, கைக்கு அடக்கமானது. பெரிதாக ஒன்றை அவர் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேண்டாம் என்றேன். சின்னவளுக்கும் அதே மாதிரி. இடுப்புக்கு ஆளுக்கு ஒரு சின்ன விளக்கு. "சோதிச்சுட்டு திங்கக்கிழமை தர்றேன்."

"அக்கா குடுத்தா கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போகலாம்," என்று அவர் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். காது தெரிய, கழுத்து தெரிய. கடலுக்கு இதுதான் வசதி என்றாள். சீப்பு என் கையில் இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் அவளிடமே கேட்கலாம்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பின்னறையில் தனியாக இருந்தேன். சின்னவளின் இரண்டு விளக்குகளையும் மூன்று தரம் தொட்டியில் இறக்கினேன். வழக்கமாக ஒரு தரம்தான். பிறகு அவருடையதை எடுத்தேன். வளையத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி வைத்தேன். அப்போது என் தலையிலிருந்து ஒரு முடி அதன்மேல் விழுந்தது. வளையத்தின் குறுக்கே ஒரு முடி கிடந்தால் போதும், அதை ஒட்டித் தண்ணீர் கசியும். கடையில் சேருகிற எவருக்கும் முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்போம். மயிரிழையில் உயிர் தப்பினான் என்பார்களே, எங்கள் தொழிலில் அது தலைகீழ்.

நான் அதை எடுக்கவில்லை. மூடியைத் திருகினேன்.

ஒரு பயம் காட்டத்தான் நினைத்தேன். உள்ளே ஒரு நிமிடம் விளக்கு அணைந்தால் மனிதருக்குக் கடல் வெறுத்துப்போகும். ஊர் திரும்பி, குளத்தோடு நின்றுகொள்வார். மாடியறை இருக்கிறது, நான் இருக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்.

அவர்கள் போன ஐந்தாம் நாள், பிற்பகல் மூன்று மணிக்குச் சின்னவள் போன் செய்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள். அவள் திருப்பத்தில் நின்றிருந்தாள். வழிகாட்டி பின்னால், கதவருகில் இருந்தான். அவர் உள்ளே போனார். அவருடைய ஒளி சுவரில் ஆடுவது தெரிந்தது, பிறகு இல்லை. உள்ளேயிருந்து சேறு கிளம்பி வந்தது. தன் விளக்கை அடித்துப் பார்த்தாள், பால் போல வெள்ளையாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"தட்டினாருக்கா," என்றாள். "கத்தியால இரும்புல தட்டினார். எந்தப் பக்கம்னே தெரியல. தண்ணிக்குள்ள சத்தம் எல்லாப் பக்கமும் கேக்குது. தட்டிக்கிட்டே இருந்தார். எனக்குக் காத்து முடியப்போகுதுன்னு வழிகாட்டி இழுத்துட்டு வந்துட்டான். நான் வரும்போதும் தட்டிக்கிட்டுதான் இருந்தார்."

நான் மேசையைத் துடைத்தேன். அன்று மூன்று விளக்குகள் கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

விளக்கில் தண்ணீர் புகுந்திருக்கிறது, துரதிர்ஷ்டம் என்று அங்கே எழுதி முடித்தார்கள். போய் அவளைக் கூட்டி வந்தேன். அடுத்த ஐந்து மாதம் அவள் மாடிக்குப் போகவில்லை, கீழே என் அறையில் படுத்தாள். ஆறு வயதில் எப்படி என் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாளோ அப்படியே. ஊட்டினால் சாப்பிட்டாள். முடி காதுக்குக் கீழே வளர்ந்தது, இருந்ததை வாரிவிட்டேன். சொல்லக் கூடாத விஷயம்தான், ஆனாலும் உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். அந்த ஐந்து மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். நான் இருந்தேன்.

பிறகு அவருடைய சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. ஒரு வாரம் அது கூடத்தில் கிடந்தது. நான் பரணில் போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். ஒரு காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு விளக்குகளையும் பிரித்து வைத்திருந்தாள். பிரிக்கத் தெரியும் அவளுக்கு. பள்ளியின் கடைசி வருடங்களில் விடுமுறையெல்லாம் என் பின்னறையில்தான் கழித்தாள்.

துணியின்மேல் ஒரு முடி இருந்தது. நீளமானது, பாதி நரைத்தது.

"அவருக்கு மொட்டை," என்றாள். "எனக்கு அப்போ கிராப்பு."

"வேலை செய்றப்ப விழுந்திருக்கும் சின்னு. நான் கவனிக்கல."

அவள் தலையாட்டினாள். "சரி, இது விழுந்துச்சு. ரெண்டாவது விளக்கு ஏன்க்கா எரியல? அதுல தண்ணியே போகல. உள்ள காஞ்சு கிடக்கு."

"பேட்டரி தீந்திருக்கும்."

"புதுசுதானே போட்டே?"

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. துணியோடு எல்லாவற்றையும் மடித்து எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். மீதி உங்களுக்குத் தெரியும்.

நீங்களும் அதே கேள்வியைக் கேட்டீர்கள். பயம் காட்ட ஒரு விளக்கு போதாதா என்று. போதாது. பயிற்சி உள்ளவர், கையில் இருப்பது அணைந்தால் பதறமாட்டார், இடுப்பில் இருப்பதை எடுப்பார். எனக்குத் தெரியாதா, நான்தானே அதை அவருக்குச் சொன்னேன். அதனால் சின்ன விளக்கில் பழைய பேட்டரிகளைப் போட்டேன். ஓய்ந்துபோன பேட்டரியைச் சும்மா வைத்திருந்தால் கொஞ்சம் உயிர் வரும். கடையில் போட்டுக் காட்டினால் பளிச்சென்று எரியும். இரண்டு நிமிடம் எரியும். முதல் விளக்குப் போனதும் பாதிவழி வரைக்கும் அவருக்கு வெளிச்சம் இருந்திருக்கும்.

தொப்பியைப் பற்றியும் கேட்டீர்கள். பின்னறையில் யாரும் தலைக்குத் தொப்பி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. அது நான் போட்ட விதி, பதினாறு வருடத்தில் ஒரு நாளும் மீறியதில்லை. அன்றும் போட்டிருந்தேன். முடி விழவில்லை. தொப்பியைத் தூக்கி, காதோரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.

அதோடு விடவும் இல்லை. அந்த விளக்கையும் தொட்டியில் இறக்கினேன். சோதிக்காமல் எதையும் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்து மூன்று நிமிடத்தில் அணைந்தது. அவர் வரைந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அறைக்குப் போய்ச்சேர இருபது நிமிடம். பிறகு விளக்கைப் பிரித்துக் காயவைத்து, பழுதான பாகத்தை மாற்றி, இன்னொரு முடியைப் பிடுங்கி வைத்தேன். திங்கட்கிழமை மாலை நாலு விளக்கையும் பையில் போட்டுக் கொடுத்தேன். சின்னவளுடையதில் பச்சை நூல் கட்டியிருந்தேன், மாறிவிடக் கூடாதே என்று. "அவ்வளவு கவனமாக்கா," என்று அவர் கிண்டல் செய்தார்.

ஆக, அந்த அறைக்குள் இரண்டும் அணைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், அடித்தல் திருத்தல் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வக்கீல் வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. சின்னவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அந்தத் தீவு வேலையை ஒப்புக்கொண்டாளாம், வியாழக்கிழமை கிளம்புகிறாளாம், என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். கோபத்தில் பேசுகிறாள், சரியாகிவிடும். ஆனால் போக விடாதீர்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். எங்கோ ஒரு கடற்கரையில் அவள் தனியாக என்ன செய்வாள், நீங்களே யோசித்துப் பாருங்கள். என்னை விட்டால் பாவம், அவளுக்கு யார் இருக்கிறார்கள்.