ஜூன் பதினொன்றாம் தேதி வைரம்

இந்த நாற்காலியை வாங்கியவர் ஒரே ஒரு இடத்தில்தான் விலை கேட்டிருப்பார், டாக்டர். உட்கார்ந்ததுமே தெரிகிறது. பின்கால் ஒன்று ஆடுகிறது. கைப்பிடியின் உறை இப்போதே உரிய ஆரம்பித்துவிட்டது. குறை சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன், அதனால் கண் தானாகப் போகிறது. மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிடாமல் எங்கள் வாசலுக்குள் ஒரு துடைப்பம்கூட நுழைந்ததில்லை. "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை கொட்டேஷன் வாங்கினீங்க?" என்று என் மனைவி கேட்பாள். பிறகு அவள் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

உங்கள் வார்டில் இருக்கும் என் தங்கையின் கழுத்துக் கல்லைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கேள்வி கேட்காமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மண்ணுக்குள் கிடந்து வந்தால் வைரம், இயந்திரத்துக்குள் சில வாரம் கிடந்து வந்தால் டூப்ளிகேட் என்று பேசுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. இரண்டும் ஒரே கரி. அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மண்டையில் இடமில்லை, அவ்வளவுதான்.

கடைக்கு நான் போவதில்லை. கடைக்காரர் வெல்வெட் துணியை விரித்து, கல்லுக்கு நேர் மேலே விளக்கைப் போட்டு, குளிர்பானம் கொடுத்து நம் தலையில் மிளகாய் அரைப்பார். இணையத்தில் விற்பவர்களும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் அவர்கள் பொய்யை எழுத்தில் சொல்கிறார்கள். எழுத்தில் இருப்பதை ஒப்பிடலாம். ஏழு விற்பனையாளர்களை வைத்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். ஒருவன் ஒரே கல்லைச் சுற்றவிட்டு எடுத்த வீடியோவைப் பதினோரு கற்களுக்குப் போட்டிருந்தான். இன்னொருத்தி, கேள்வி கேட்காமல் திருப்பி எடுப்போம் என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, உறையைப் பிரித்தால் எடுக்க மாட்டோம் என்று கடைசி வரியில் பொடியாகப் போட்டிருந்தாள். உறையைப் பிரிக்காமல் கல்லை எப்படிப் பார்ப்பதாம். ஏழு பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள்.

வாங்கியதெல்லாம் ஒரு கழுத்துச் சரத்துக்காக. சுத்த வெள்ளையில் தொடங்கி, கல்லுக்குக் கல் மஞ்சள் ஏறி, தேன் நிறத்தில் முடிய வேண்டிய இருபத்தொரு கற்கள். "யாரு போட்டுக்கப் போறாங்க? டூப்ளிகேட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமாண்ணா?" என்று தங்கை ஒருமுறை எல்லார் எதிரிலும் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் காதிலிருந்த அசல் வைரத்தோட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும் கரும்புள்ளி ஒன்று இருந்தது. அதை நான் எல்லார் எதிரிலும் சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அவள் மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். எட்டு வயது, இரட்டைப் பின்னல். என் கற்களைத் தொட அவளுக்கு மட்டும்தான் அனுமதி. இடுக்கியைப் பிடித்தால் கை ஆடாது. "மாமா, இது வெள்ளை இல்ல, பால் வெள்ளை" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. போன வருடம் ஆகஸ்டில், மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும் என்று, முன்கூட்டியே இரண்டு பின்னலையும் வெட்டினார்கள். தங்கை அவற்றை ரிப்பன்கூட அவிழ்க்காமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். நவம்பரில் சிட்டு போய்விட்டாள். எனக்கும் வருத்தம்தான். அழுது புரண்டு ஆளைக் கூட்டத் தெரியாது, அதனால் நான் கல்நெஞ்சக்காரன் என்று பெயர்.

டிசம்பரில் தங்கை அந்த டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். இறந்தவர்களின் முடியிலிருந்து கரியைப் பிரித்து, அதையே வைரமாக வளர்த்துத் தரும் கம்பெனிகள் இருக்கின்றன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்ணா. எது நல்ல கம்பெனின்னு பார்த்து நீயே அனுப்பிடு. அவ என் கழுத்துல கிடந்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்."

டூப்ளிகேட் என்று சொன்ன அதே வாய். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை.

வழக்கம்போல மூன்று கம்பெனிகளிடம் விசாரித்தேன். ஒன்றின் பக்கத்தைத் திறந்தாலே வயலின் அழுகிறது. மற்ற இரண்டும் அழுகிற ஒரே பெண்ணின் ஒரே படத்தைப் போட்டிருந்தன; ஒன்றில் அவளுக்குப் புருஷன் செத்திருந்தான், மற்றதில் நாய். வயலின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் குழைந்தாள். "உங்க பாப்பாவை எந்தக் கலர்ல எதிர்பார்க்கிறீங்க சார்? நீலம்னா கொஞ்சம் கூட ஆகும்." நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வருகிற கல்லில் இருப்பது நாங்கள் அனுப்பிய முடியின் கரிதான் என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? "நம்பிக்கைதான் சார்" என்றாள். கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவனிடம் அதைச் சொல்கிறாள்.

என் தங்கையை இந்தக் கூட்டம் ஏமாற்ற நான் விடுவேனா. என் அட்டவணையில் தேறிய இருவரில் ஒருவரிடம், நல்ல பட்டை, மெல்லிய மஞ்சள், முறையான சான்றிதழ் எல்லாம் உள்ள ஒரு கல்லை வாங்கினேன். எட்டே நாளில் வந்தது. அவள் கொடுத்த பணத்தில் மீந்ததற்கு என் சரத்தில் காலியாக இருந்த இடத்துக்கும் ஒரு கல் வந்தது. நான் அலைந்ததற்கு அது அதிகமில்லை. முடி தேவைப்படவில்லை.

முடியிலிருந்து கல் வளர எட்டு மாதம் ஆகும் என்று அவளே எங்கோ படித்திருந்தாள். அதனால் கல் எட்டு மாதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

"எவ்வளவு வளர்ந்திருக்காளாம்ணா?"

முதலில் எள்ளளவு என்றேன். பிறகு கடுகு. பிறகு மிளகு. ஒருமுறை சிரித்தாள். "நல்லா வளர்த்தியா வருவா பாரு, அவங்க அப்பா மாதிரி." அவள் வேளாவேளைக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக அவள் கணவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். உங்கள் மாத்திரைகள் மூன்று மாதமாகச் செய்யாததை என் மிளகு செய்தது.

இந்த வருடம் ஆகஸ்டில் கல்லைச் சங்கிலியில் கோத்துக் கொடுத்தேன். கூடவே சான்றிதழையும் கொடுத்தேன். காகிதம் இல்லாமல் சரக்கைக் கைமாற்றி எனக்குப் பழக்கமில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான். ஐந்து வாரம் அவள் அதைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. தூங்கி எழுந்ததும் முத்தம் கொடுப்பாளாம். ஆய்வகத்துக் கல்லுக்கு, டூப்ளிகேட் என்று சொன்னவள். எனக்கு ஒரு திருப்தி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். அண்ணனுக்குரிய திருப்தி.

ஆறாவது வாரம், ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போன் வந்தது.

"அண்ணா, இந்தச் சான்றிதழ்ல போன வருஷம் ஜூன் பதினொண்ணுன்னு தேதி போட்டிருக்கே."

"அதுக்கென்ன?"

"அன்னைக்குத்தான் ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுத்தாங்க. நான்தான் பின்னி விட்டேன். ஜூன்ல முடி அவ தலையில இருந்துச்சுண்ணா."

அச்சுப் பிழையாக இருக்கும், கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சான்றிதழில் ஜனங்கள் படம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். தேதியை ஒருவர் படித்து நான் கண்டதில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் டீ போட உள்ளே போனாள். இந்த வருடம் ஜூலையில் என் சரத்துக்கு ஏறக்குறைய இதே அளவில் ஒரு கல் வாங்கியிருந்தேன். அதன் சான்றிதழை அலமாரியில் வைத்துவிட்டு, பழையதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். போலி எதுவும் தயாரிக்கவில்லை, கவனியுங்கள். இரண்டும் அசல் சான்றிதழ்கள். டீயைக் குடித்துவிட்டு வந்தேன், சர்க்கரை சற்றுக் கூடுதல்.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் காகிதத்தைக் காட்டியிருக்கிறாள். அதில் இந்த வருடம் ஜூலை என்று இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தேதி மாறிடுச்சுங்கிறா மச்சான். நேத்து வேற தேதி இருந்துச்சாம். எனக்குப் பயமா இருக்கு."

துக்கம் அப்படித்தான் செய்யும், நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்றேன். உங்கள் பெயரைச் சொன்னதும் நான்தான். மூன்று பேரை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கல்லின் விளிம்பைச் சுற்றி ஓர் எண் பொறித்திருக்கும், டாக்டர். லென்ஸ் வைத்தால் தெரியும். அது சான்றிதழில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இந்தக் கல்லில் பொருந்தாது. இரண்டு நிமிட வேலை. "கல்லுல நம்பர் இருக்கு, பாருங்க" என்று அவள் தன் கணவரிடம் கெஞ்சினாள். அவர் பார்க்கவில்லை. இங்கே உங்கள் ஆட்களிடமும் சொன்னாள். கல்லில் எண்கள் இருப்பதாக நம்புகிறார் என்று அவளுடைய கோப்பில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏழு வருடம் படித்தவர்களின் வேலை அது.

அவள் இங்கே வந்து சேர்ந்த விதம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். ஒரு மத்தியானம் சொல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். அந்த டப்பா என் அலமாரியில் இருந்தது. நல்ல டப்பா, மூடியில் ரப்பர் வளையம் வைத்தது, ஈரம் புகாது. வீணாக்குவானேன் என்று என் கற்களை அதில் வைத்திருந்தேன். திறந்து பார்த்தாள்.

"அவ முடி எங்கண்ணா?"

கம்பெனியில் இருக்கும் என்றேன். டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். நான் அவளைத் தொடவில்லை. அவள் கணவருக்குப் போன் செய்தேன். அவர் வரும்போது அவள் தரையில் முட்டி போட்டு, சிதறிய கற்களுக்கு நடுவில் ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள். இது எங்கள் டப்பா என்று அவரிடம் காட்டினாள். இந்த மாதிரி டப்பா எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று சொல்லித்தான் அவர் அவளை வண்டியில் ஏற்றினார். நான் கற்களைப் பொறுக்கினேன். ஒன்று சோபாவுக்கு அடியில் போயிருந்தது, கிடைக்க மறுநாள் ஆகிவிட்டது.

மூன்று மாதமாக வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவள் என்னிடம் பேசுவதில்லை. இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று உங்கள் நர்ஸ் சொன்னார். நானும் அப்படியே இருந்திருப்பேன், நேற்று நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

நேற்று அவள் அந்தக் கல்லை நகத்தால் சுரண்டுகிறாள் என்று சங்கிலியைக் கழற்றி வாங்கிவிட்டார்கள். உறவினர் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் பதிவேட்டை நீட்டினார். மெல்லிய சங்கிலி ஒன்று, கண்ணாடிக் கல் பதித்தது என்று எழுதியிருந்தது. இது கண்ணாடி இல்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க, கையெழுத்தைப் போடுங்க" என்று சிரித்தார். என் வாழ்க்கையில் தவறான விவரத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள், டாக்டர். எடுத்துக்கொள்ளுங்கள், எழுத வேண்டியிருக்கும். பின்னல்களை டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறித் தோலோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டேன். சான்றிதழை மாற்றியவன் நான். என் தங்கை இந்த மூன்று மாதத்தில் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முதலில் அந்தப் பதிவேட்டை வரவழையுங்கள். கண்ணாடி என்பதை அடித்துவிட்டு வைரம் என்று எழுத வேண்டும், பக்கத்தில் உங்கள் கையெழுத்தோடு. அவளைப் பற்றி எழுதியிருப்பதைப் பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம்.