கயிற்றுக்காரர் தெருவில் பதினோராவது வீடு

மத்தியானம் இரண்டரை மணி. ஓகஸ்ட் மாதம். பலெர்மோவின் பிரான்காச்சோவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த வீட்டுக்குப் பத்து நிமிட நடை. வழி நெடுகப் பட்டறைகள். எல்லாம் ஷட்டர் இழுத்துப் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் இந்த ஊரில் நாய்கூட வெயிலுக்கு வராது... தெருவில் ஒரே ஒரு பெண். கையில் ஒரு பை. வீங்கிய கால். நடந்து போகிறாள்.

பேய் இரவில்தான் வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

கிட்ட வாருங்கள். இந்தக் கடல் காற்றுக்கு மேலால் கத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு முழுக் கலியாண வீட்டுக்குக் கோப்பை கழுவியிருக்கிறோம். இந்த ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து கடைசி பஸ்ஸும் போய்விட்டது. முதல் ஆட்களை இறக்கிவிட்டு றொனி வானைத் திருப்பிக்கொண்டு வர அரை மணியாவது செல்லும். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். ஏனென்றால் இது அவனுடைய சின்னம்மாவுக்கு நடந்தது. அவன் முன்னால் யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சின்னம்மாவின் பெயர் அகஸ்ரீனா. மன்னார்ப் பக்கம். ஐம்பத்தேழு வயது. காலையில் இரண்டு கட்டடங்களுக்குப் படி துடைப்பாள். மத்தியானத்துக்குப் பிறகு பிரான்காச்சோவில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்வாள். கிழவி ரஷ்யாக்காரி. பெயர் நீனா. எண்பத்தெட்டு வயது. மகள் லீதியா ஒரு பலெர்மோக்காரனைக் கட்டி வந்தவள், தாயையும் பிறகு எடுப்பித்துவிட்டாள். லீதியா வேலைக்குப் போனால் அகஸ்ரீனா வருவாள். உடம்பு துடைக்க, உடுப்பு மாற்ற, சூப் பருக்க... இரவு ஒன்பது மணி வரைக்கும்.

நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. போன கோடை ஞாபகம் இருக்கிறதுதானே, குழாய்கள் வறண்டு கிடந்த கோடை. அந்தக் கட்டடத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். வாளியில் பிடித்து வைத்து, துணி நனைத்துத்தான் கிழவியைத் துடைப்பாள்.

துடைக்கும்போது கிழவி கதைப்பாள். உடைந்த இத்தாலியனில். எப்போதும் அவளுடைய ஊரைப் பற்றித்தான்.

வோல்கா ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். முன்னூறு வீடு இருக்கும். உப்புத் தோணிகள் வந்து நின்று உண்டான ஊராம். பிறகு தானியம் வந்தது. வியாபாரிகள் சேர்ந்து கல்லில் ஒரு நகரசபை கட்டினார்கள். அதன் முத்திரையில் ஒரு மீன். ராசா போய்க் கட்சி வந்தபோது முத்திரையையும் வாசல் பலகையையும் மாற்றினார்கள். உள்ளே அதே மேசை, அதே தடித்த பதிவுப் புத்தகம். குளிரில் வரிசையில் நின்ற சனமும் அதேதான். தெருக்களுக்குத் தொழிலின் பெயர்கள். உப்புத் தெரு. தார்த் தெரு. ஆற்றோடு ஒட்டினாற்போல் கடைசியில் கயிற்றுக்காரர் தெரு. நீனா அந்தச் சபையில் கிளாக்கராக இருந்தவள். அப்போது இருபது வயது.

பிறகு ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். ஊர் தண்ணீருக்குள் போகப் போகிறது, எல்லோரும் எழும்பிப் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வீடு வீடாகப் போய், ஆள் போய்விட்டதா என்று பார்த்து, புத்தகத்தில் அந்த வீட்டுக்கு நேரே "வெறும் வீடு" என்று எழுதி முத்திரை குத்துவது நீனாவின் வேலை. எல்லா வீட்டுக்கும் குத்தி முடித்தால்தான் தண்ணீரை விடுவார்கள்.

"முடிச்சனீங்களோ, சிஞ்ஞோரா?" என்று அகஸ்ரீனா ஒருநாள் சும்மா கேட்டாள்.



"கடைசித் தெரு மிச்சம்" என்றாள் கிழவி. "பதினொரு வீடு. பொழுதுபட்டுப் போச்சு. முழங்கால் மட்டும் சேறு. நான் விடியத் தொடக்கம் நடந்த நடை. அங்கை ஒருத்தரும் இல்லை, எழுதெண்டு சபைத் தலைவர் சொன்னார். நான் போய்ப் பார்க்கேல்லை. எழுதினன்."

"அங்கை ஆக்கள் இருந்தவையோ?"

"நான் போய்ப் பார்க்கேல்லையெண்டுதானே சொல்லுறன்."

அவ்வளவுதான். அகஸ்ரீனா துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

அடுத்த நாள் மூன்று மணி. கிழவி நித்திரை. அகஸ்ரீனா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். படியில் ஒரு சத்தம். சளக்... சளக்... நனைந்த சப்பாத்து. அவசரமில்லாமல் ஏறி வருகிறது. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறது. கதவுக்கு முன்னால் வந்து நின்றது.

பிறகு மணம். ஆற்றுச் சேறு, தார், தண்ணீரில் ஊறிய கயிறு.

மூன்று தட்டு.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஆனால் மேல் படியிலிருந்து கீழ் வரைக்கும் ஈரம். மூன்று நாளாகக் குழாயில் ஒரு சொட்டு வராத கட்டடம்... குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரிக் குளிர்.

திரும்பினால், தனியாக எழும்ப மாட்டாத கிழவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"முதலாம் வீடு. குஸ்மின் குடும்பம். நாலு பேர். எழுது."

அகஸ்ரீனாவுக்கு இத்தாலியன் எழுத வராது. கைக்கு அகப்பட்ட கொப்பியில் தமிழில் எழுதினாள். எழுதி முடித்ததும் வெளியே சப்பாத்துகள் கீழே இறங்கத் தொடங்கின. சளக்... சளக்...

மறுநாள் இரண்டாம் வீடு. அதற்கடுத்த நாள் மூன்றாம் வீடு. அதே மூன்று மணி.

இரவில் றொனியிடம் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"சின்னம்மா, அந்த வேலையை விட்டிடுங்கோ. நாளைக்குப் போகாதேங்கோ."

"விட்டிட்டு? இஞ்சை இருக்க விடுற பெர்மெசோவைப் புதுப்பிக்க லீதியா சிஞ்ஞோராவின்ரை வேலைக் கடிதம்தானே வேணும். இன்னும் எட்டு வீடுதான், றொனி. எழுதிவிட்டால் அதுகள் தங்கடை பாட்டிலை போகுதுகள். எனக்குப் பயமில்லையடா. அலுப்புத்தான்."

பத்து வீடு எழுதினாள்.

பதினோராம் நாள். அதற்கு முதல் இரவு இங்கேதான் எங்களோடு நின்று கோப்பை கழுவினாள். ஆள் பற்றாது என்று நான்தான் கூப்பிட்டேன்... அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரித்தான். அவள் ஒரு மணி நேரம் படுத்தாளோ என்னவோ. காலையில் படி துடைப்பு. பிறகு பஸ். பிறகு அந்த வெயில். கிழவிக்குச் சூப் கொடுத்துவிட்டுக் கதிரையில் விழுந்தாள்.

அன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி. சப்பாத்து இல்லை. இழுபடுகிற சத்தம். சர்ர்ர்... கொஞ்சம் நிற்கும். சர்ர்ர்... நடக்க ஏலாத ஒன்று படிப்படியாகத் தன்னை இழுத்துக்கொண்டு ஏறுகிறது. நான்கு மாடி. அரை மணி நேரம். அகஸ்ரீனா கண்ணைத் திறக்காமல் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டுச் சத்தம் கதவின் அடியில் வந்தது. நிலத்தோடு நிலமாக.

"பதினோராம் வீடு" என்றாள் கிழவி. "ஆரெண்டு எனக்குத் தெரியாது. நீ போய்ப் பார்."

அகஸ்ரீனா எழும்பப் பார்த்தாள். கால் வரவில்லை. றொனியிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாளாம், அது பயம் இல்லை, இரண்டு காலும் கல்லாகக் கிடந்தன, கதவு ஆறடி தூரத்தில்தான், அந்த ஆறடி அவளிடம் இல்லை.

மறுபடியும் தட்டு. மெதுவாக.

"ஒருத்தரும் இல்லை, சிஞ்ஞோரா" என்றாள்.

"பாத்தனியோ?"

"ஓம்... பாத்தன்."

கிழவி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஒரே கந்தோரில் வேலை செய்கிற இருவர் பின்னேரத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்களே, அப்படி.

"உனக்கும் கால் நோகுது, என்ன" என்றாள். சாய்ந்து படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

பொழுதுபடுமுன் கிழவி போய்விட்டாள். வயது என்று டொக்டர் எழுதினார். லீதியா ஓடி வந்து கதவைத் திறந்தபோது வாசல் காய்ந்து கிடந்தது. ஒரு மணமும் இல்லை. ஆனால் அன்றைக்குப் படியால் எதுவும் திரும்ப இறங்கிய சத்தத்தை அகஸ்ரீனா கேட்கவில்லை.

"அப்ப அது எங்கை போனது, அண்ணை?" என்று எங்களோடு கோப்பை கழுவின மொனிகா கேட்கிறாள். எனக்கென்ன தெரியும், பிள்ளை.

அகஸ்ரீனா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்களோடு கதைக்கிறாள், சிரிக்கிறாள். முன்னைவிடக் கொஞ்சம் களைத்த முகம், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று...

நவம்பரில் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தாள். அந்த விலாசத்தில் பதிய வேண்டும். பதிந்தால்தான் மற்றக் கடதாசிகள் நகரும். உண்மையாகவே அங்கே இருக்கிறாளா என்று பார்க்க நகரசபை அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வரும். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே காத்திருந்தாள். நான்காம் நாள் காலை மணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தாள்.

ஒரு இளந்தாரி. கையில் ஃபைல். அவளுக்குப் பின்னால் அறையை எட்டிப் பார்த்து, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டான்.

"நான்தான். அகஸ்ரீனா" என்றாள்.

அவன் இன்னொரு தரம் கூப்பிட்டான். கொஞ்சம் பொறுத்தான். பேனையை எடுத்து அந்த விலாசத்துக்கு நேரே ஒரு வரி எழுதினான்.

"நான் இஞ்சை நிக்கிறன்!" தமிழிலேயே கத்திவிட்டாள். கத்திக்கொண்டே அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

அவன் கையை உதறினான். அவளை இல்லை, தன் சட்டையைத்தான் பார்த்தான். லேஞ்சியை எடுத்து, சட்டைக் கையில் அவள் பிடித்த இடத்தில் இருந்த ஈரத்தை ஒற்றித் துடைத்தான். பிறகு எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து முகட்டைப் பார்த்தான்.