மேயர் வருகிறார் என்று சொல்லி ஒரு பல்லைக் கொண்டுபோனது குறித்து

என் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன். ஊரில் எல்லோருக்கும் நான் மைக் மாமா. வயது நாற்பத்தாறு. தொழில், வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்பதில் தொடங்கி செருப்புக் கடை திறப்பு வரை இந்த நகரம் தெரிந்துகொண்ட அனைத்தும் என் தொண்டை வழியாகப் போனவையே. குடியிருப்பது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், பச்சைக் கதவு வீட்டின் மாடியில். கீழே என் அக்காவும் அவள் மகளும் இருக்கிறார்கள். அக்காவின் கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். அக்கா மகளுக்கு வயது எட்டு. அவளைக் குட்டி என்று கூப்பிடுவோம்.

மேயர் வருகிறார் என்று பொய்யாக அறிவித்து சந்தை நாற்சந்தியில் போக்குவரத்தை நிறுத்தியதாகவும், பணியில் இருந்த போக்குவரத்துக் காவலரை ஏமாற்றி சல்யூட் அடிக்க வைத்ததாகவும் என் மேல் உள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது குறித்து நான் சொல்வதாவது:

சம்பவத்தன்று முற்பகலில் நான் மெத்தைக் கடைத் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டிருந்தபோது குட்டியின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அக்கா துணி ஆலையில் வேலை பார்க்கிறாள், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், அவசரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "குட்டி குழாயடியில வழுக்கி விழுந்துட்டா சார், முன்பல்லு ஒண்ணு வெளிய வந்துடுச்சு" என்று வகுப்பு டீச்சர் சொன்னார். அதன் பிறகு நான் ஒளியின் வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். இந்த இடத்தில், நான் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும் நிலைய எழுத்தர் பேனாவை மூடிவிட்டதால், சாதாரண வேகம் என்று எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயில் கைக்குட்டை. அழவில்லை. ஒரு காலில் ஷூ இல்லை. டீச்சர் கையில் ஒரு டிஷ்யூ, அதில் பல். நான் தைரியம் சொல்லும் விதமாக, "பால் பல்லுதானே, வேற முளைக்கும்" என்றேன். டீச்சர் தலையை ஆட்டினார். "இல்ல சார். இது போன வருஷம் முளைச்ச பல்லு. இதுக்கு மேல வேற கிடையாது." பல்லை டிஷ்யூவோடு கையில் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள பல் டாக்டரிடம் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவான டாக்டர் அவர். பல்லின் தலைப் பக்கத்தை மட்டும் பிடித்து மெல்ல அலசினார். "வேரைத் தொடக் கூடாது. அது மேல இருக்கிற மெல்லிசுத் தோல் உசுரோட இருக்கணும். திறம்மா வாயை, பல்லை அதே இடத்துல உடனே திரும்ப உட்கார வச்சிடலாம்" என்றார். குட்டி திறக்கவில்லை. அவர் கெஞ்சினார். அவள் இறங்கிப் போய் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டதற்குக் கைக்குட்டைக்குள்ளிருந்து பதில் வந்தது. "மாமாதான் சொன்னாரு. பல் டாக்டர் நெஞ்சுல காலை ஊனி இழுப்பாராம். குறடு பத்தலன்னா லாரியில கயிறு கட்டி இழுப்பாங்களாம்."

டாக்டர் என்னைப் பார்த்து, "யாருங்க அந்த மாமா?" என்றார். நான் சுவரில் இருந்த தாடைப் படத்தை ஆழ்ந்து கவனித்தேன்.

அதன் பிறகு அவர் சொன்னார். "நாலு பேர் அமுக்கிப் புடிச்சா இப்பவே வச்சிடலாம். ஆனா அப்புறம் இவ எந்த டாக்டர்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டா. ஆஸ்பத்திரி ரோட்டுல குழந்தைங்க பல் டாக்டர் இருக்காங்க. இதுக்குன்னே தனியாப் படிச்சவங்க. வேர் இன்னும் வளர்ந்து முடியல, அதைப் பின்னாடி காப்பாத்திக் கொண்டுவர்றதும் அவங்க வேலைதான். நான் போன் பண்ணிடறேன், நீங்க கிளம்புங்க. நேரம் போகப் போக பல்லு செத்துடும்." அவர் டீ போட வாங்கி வைத்திருந்த பாலை மூடியுள்ள டம்ளரில் ஊற்றி, வேர் காயாமல் இருக்கப் பல்லை அதில் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு குட்டியை முன் இருக்கையில் உட்கார வைத்து, மடியில் டம்ளரைக் கொடுத்து, சந்தை நாற்சந்திக்கு வந்தேன். அங்கே உலகத்தில் உள்ள எல்லா வண்டிகளும் நின்றன. எழுத்தர் கேட்டுக்கொண்டபடி, ஏராளமான வண்டிகள். ஹாரன் அடித்தேன், யாரும் அசையவில்லை. ஒரு பேருந்து டிரைவர் என்னைப் பார்த்து, "பறந்து போயேன்" என்றார். குட்டி டம்ளர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "மாமா, செத்துப்போச்சா?" என்றாள்.

அப்போது என் கை தானாக மைக்கை எடுத்தது. "பெருமக்களே! நகரின் தலைமகன், மாண்புமிகு மேயர் அவர்கள் இவ்வழியே எழுந்தருள்கிறார்! பாதையை விட்டு ஒதுங்கி நின்று பெருமை சேர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்!" என்று அறிவித்தேன். பேருந்து பின்னால் போனது. காய்கறித் தள்ளுவண்டி கடைக்குள்ளேயே ஏறிவிட்டது. புகார் கொடுத்துள்ள காவலர் நான்கு பக்கமும் கை காட்டி நிறுத்திவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, விறைப்பாக சல்யூட் அடித்தார். அந்த சல்யூட்டை வாங்கிக்கொண்டு போனது என் வேன். உள்ளே இருந்தது ஒரு பல். இருபுறமும் பத்து லட்சம் பேர் நின்றார்கள், எழுத்தர் பார்வையில் ஐம்பது பேர். குட்டி மரியாதைக்காகக் கையசைத்தாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி ரோடு போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் அந்த லாரி மாமாவா?" என்றார். போனில் எல்லாம் போய்விட்டது போல. "உள்ள வாங்க. ஆனா இந்த ரூம்ல நடக்காததைச் சொல்லக் கூடாது. வலிக்கவே வலிக்காதுன்னும் சொல்லக் கூடாது. நானே சொல்ல மாட்டேன்" என்றார். சரி என்றேன்.

அவர் குட்டியின் உயரத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கருவியையும் இன்னது என்று சொல்லி, முதலில் அவள் விரல் நகத்தில் தொட்டுக் காட்டினார். "நீ கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றார். கண்ணாடியை வாய் அருகே கொண்டு போனதும் குட்டி கையைத் தூக்கினாள். டாக்டரம்மா நிறுத்திக் கருவியைத் தட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி கை. மறுபடி நிறுத்தினார். எனக்கு வியர்வை ஆறாக ஓடியது, இதை எழுத்தரே ஒப்புக்கொண்டார். பல் பாலில் கிடக்கிறது, நேரம் போகிறது. அந்த அம்மா ஒரு தடவைகூட டம்ளர் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு தடவையும் கை உயர்ந்தது, இன்னொரு தடவையும் நிறுத்தினார். அதன் பிறகு குட்டி தானாகவே கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்தாள்.

"இப்ப மரத்துப்போக ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்புறம் போயிடும்" என்றார் டாக்டரம்மா. அப்போது குட்டி என்னைப் பார்த்து, "மாமா, நிஜமாச் சொல்லு. பல்லு ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

எனக்குள் ஏழெட்டுச் சொற்பொழிவுகள் வரிசையில் நின்றன. நான் சொன்னது, "தெரியாது பாப்பா. நான் இங்கயேதான் இருப்பேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அதன் பிறகு டாக்டரம்மா பல்லை எடுத்து அதன் இடத்தில் வைத்து, விரலால் மெதுவாக அழுத்தி உட்கார வைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார். குட்டி என் சுண்டு விரலைப் பிடித்திருந்தாள். அது உடையவில்லை, உடைந்ததாக நான் சொல்லவும் இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆலைக்கு ஆள் போய்ச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகுதான் அக்கா வந்தாள். தலைமுடியெல்லாம் ஆலைப் பஞ்சு. மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "புள்ளகிட்ட என்னடா சொல்லி வச்ச?" என்றாள். அடித்திருந்தால் பரவாயில்லை, அடிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வாரம் குட்டி கஞ்சியும் மசித்த பழமும் சாப்பிட்டாள். இன்று காலை கம்பியை எடுத்தார்கள். டாக்டரம்மா கண்ணாடிப் பிடியால் பல்லைத் தட்டிப் பார்த்தார், விரலால் அசைத்துப் பார்த்தார். "நல்லாப் புடிச்சிருக்கு. உள்ள உசுரு திரும்புதா, வேர் வளருதான்னு இன்னும் பல மாசம் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

மேயர் வருகிறார் என்று நான் சொன்னது பொய். அந்தக் காவலரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். குட்டியின் அடுத்த பரிசோதனை நாளன்று மட்டும் என்னை உள்ளே வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று டாக்டரம்மா இன்று கேட்டதற்கு, அக்கா எழுந்தும் விட்டாள், ஆனால் குட்டி என்னைக் காட்டி, "மாமா நிக்கட்டும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுவாரு" என்றாள்.

இதை எழுத்தர் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவர் குறைத்த இடங்களில் அவர் குறைத்ததே சரி. மற்றதெல்லாம் நான் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. யாருடைய மிரட்டலுக்கும் பயந்து சொல்லவில்லை.

ஒப்பம்
மைக் மாமா

என் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதியது
நிலைய எழுத்தர்